சிலாபத்துக் காணி வழக்கும் தீர்ப்பைத் தேடும் நெறியும்

கொச்சிக்கடையில் மாஓயாவைக் கடந்து வடக்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை புத்தளம் மாவட்டத்தினுள் நுழைகின்றது. வென்னப்புவ, மாரவில, மாதம்பை, சிலாபம் என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அதற்கப்பால் முன்னேசுவரம், உடப்பு, முந்தல், புத்தளம் என நீண்டு, கற்பிட்டித் தீபகற்பம் வரை இக்கரையோரம் பரந்து கிடக்கின்றது. அதன் தென்பகுதி இலங்கையின் தெங்கு முக்கோணத்தில் அடங்கும். தெங்கு ஆராய்ச்சிக்கென 1929ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட நிலையம் லுணுவிலையில் அமைந்தமையும் இக்காரணம் பற்றியே. இங்கு காணி என்றால் பெரும்பாலும் தென்னங்காணியே. அக்காணியில் இருந்து வரும் தேங்காயே பல குடும்பங்களின் அடுப்பெரிக்கின்றது. பிள்ளைகளின் படிப்புக்கும் பெண்களின் திருமணத்துக்கும் பொருள் தருகின்றது.

இத்தகைய காணி ஒன்றை நேயர்கள் மனக்கண் முன் கொண்டுவரலாம். தந்தை உறுதி எழுதி வைக்காமல் இறந்துபோகின்றார். பிள்ளைகள் நால்வர். மூத்த மகள் உடப்புக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். இன்னொரு மகன் கொழும்பில் தொழில் தேடிக்கொண்டான். மற்றொருத்தி கணவனுடன் கற்பிட்டியில் வாழ்கின்றாள். எஞ்சிய ஒருவன் தந்தையின் வீட்டிலேயே தங்கி, வேலி அடைத்து, தேங்காய் பறித்து, புதிய கன்றுகளும் நட்டு முப்பது ஆண்டுகள் வாழ்ந்துவிடுகின்றான். காணியைப் பிரிக்கும் பேச்சே எழவில்லை. பின்னொரு நாள் அக்காளின் பிள்ளைகள் வந்து தங்கள் தாயின் பங்கைக் கேட்கின்றனர். “பத்து ஆண்டு ஆண்டால் காணி ஆண்டவனுக்கே சொந்தம், நான் முப்பது ஆண்டு ஆண்டுவிட்டேன்” என்று மாமன் மறுமொழி சொல்கின்றான். மாமன் சொல்வது சட்டமா? இக்கேள்விக்குரிய விடையின் பெரும்பகுதி இதே கரையோரத்தில் எழுந்த ஒரு வழக்கிலேயே இருக்கின்றது.

மாமன் சொன்னது முழுப் பொய்யன்று. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. ஒருவர் ஓர் அசையாச் சொத்தைப் பத்து ஆண்டுகள் இடையூறின்றியும் இடையறாமலும் ஆண்டுவந்தால், அந்த ஆட்சியைக் கொண்டே அவர் தம் உரிமையை நிலைநாட்டலாம் என்று அதன் 3ஆம் பிரிவு கூறுகின்றது. ஊரார் நாவில் பழமொழிபோல் வழங்கும் பத்தாண்டுக் கணக்குக்கு மூலம் இதுவே. ஆனால் அப்பிரிவில் வேறொரு நிபந்தனையும் உண்டு. அவ்வாட்சி மற்றவருடைய உரிமைக்கு எதிரானதாகவோ அதனைச் சாராததாகவோ இருத்தல் வேண்டும். வாடகை கொடுத்தோ, விளைச்சலிற் பங்கு கொடுத்தோ, ஊழியம் செய்தோ மற்றவருடைய உரிமையை ஒப்புக்கொண்டவர் எத்தனை ஆண்டு இருந்தாலும் இச்சட்டத்தின் பயனைப் பெறமாட்டார். ஊர்வாய் பத்தாண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு இந்த நிபந்தனையை மறந்துவிட்டது.

உடன்பிறந்தாருக்கும் பொதுவான காணியை ஒருவர் தனியே ஆண்டுவந்தால், அந்த ஆட்சி மற்றவர்களுக்கு எதிரான ஆட்சியாகுமா? சட்டத்தின் சொற்கள் இதற்கு நேரான விடை தரவில்லை. விடை தந்தது சிலாபத்துக் காணி வழக்கு. சட்ட நூல்களில் அது ‘கொரெயா எதிர் அப்புஹாமி’ என்று வழங்கும்.

எலியாஸ் அப்புஹாமி என்பவர் பிள்ளைகள் இன்றியும் மரணசாதனம் எழுதாமலும் இறந்தார். உடன்பிறந்தாரே அவருடைய உரித்தாளர். அவர்களுள் இசேரிஸ் அப்புஹாமி என்னும் சகோதரர் காணியைத் தம் வசம் எடுத்து நெடுங்காலம் தனியே அனுபவித்து வந்தார். பின்னர் மற்ற உரித்தாளரின் பங்குகளைக் கொரெயா என்பவர் விலைக்கு வாங்கி வழக்குத் தொடுத்தார். இசேரிஸ் அப்புஹாமியோ தம் நீண்டகால ஆட்சியைக் காட்டினார். இலங்கையின் உயர் நீதிமன்றம் இசேரிஸின் பக்கம் தீர்ப்பளித்தது. வழக்கு அத்துடன் முடியவில்லை. அக்காலத்தில் இலங்கைக்கு இறுதி நீதிமன்றமாக விளங்கிய இலண்டன் கோமறைக் கழகத்துக்கு அது மேன்முறையீடாகச் சென்றது. 1911ஆம் ஆண்டில் மக்நாட்டன் பிரபு வழங்கிய தீர்ப்பு கீழே கிடைத்த முடிவைப் புரட்டிவிட்டது.

அத்தீர்ப்பின் சாரம் எளிமையானது. இசேரிஸ் காணிக்குள் அத்துமீறிப் புகுந்தவர் அல்லர். பங்காளர் என்ற உரிமையோடு புகுந்தவர். உரிமையோடு தொடங்கிய ஆட்சியை எதிரான ஆட்சி என்று கொள்ள இடமில்லை. ஒரு பங்காளரின் ஆட்சி சட்டத்தின் பார்வையில் எல்லாப் பங்காளரின் ஆட்சியுமாகும். “இனி இது எனக்கு மட்டுமே” என்று அவர் தம் உள்ளத்துக்குள் மறைவாக எண்ணிக்கொள்வதால் அந்த நிலை மாறிவிடாது. மற்றவர்களை உரிமையிலிருந்து வெளியேற்றும் செயலோ, அதற்கு ஒப்பான வெளிப்படையான செயலோ நிகழ்ந்தால்தான் பத்தாண்டுக் கணக்கே தொடங்கும்.

இதன் நியாயத்தைக் கிராமத்தில் வாழ்வோர் எளிதில் உணர்வர். அண்ணன் தோட்டத்தில் இருக்கின்றான் என்ற நம்பிக்கையோடுதான் தங்கை தூர ஊரில் நிம்மதியாக வாழ்கின்றாள். அவன் தேங்காய் பறிப்பதைக் கண்டு அவள் வழக்குக்குப் போவதில்லை. அந்த நம்பிக்கையையே அவளுக்கு எதிரான சான்றாக்குவது நீதியாகாது. உறவின் அமைதியை உரிமை இழப்பாகக் கொள்ளலாகாது என்பதே அத்தீர்ப்பின் உட்கிடை.

ஒரு வழக்கில் கூறப்பட்ட முடிவு ஏனைய வழக்குகளையும் ஏன் கட்டுப்படுத்த வேண்டும் என்று சிலர் வினவலாம். இலங்கையின் காணிச் சட்டத்துக்கு உரோமன் ஒல்லாந்தச் சட்டம் அடித்தளமாக இருந்தபோதிலும், நீதிமன்றங்கள் நடைபெறும் முறையை ஆங்கிலேயரே வகுத்தனர். 1801ஆம் ஆண்டின் நீதிச் சாசனம் உயர் நீதிமன்றத்தை நிறுவியது. 1833ஆம் ஆண்டின் சாசனம் மாவட்ட நீதிமன்றங்களை ஒழுங்குபடுத்தியது. மேல் நிலையிலுள்ள மன்று சட்டத்தின் பொருளை இன்னதென்று விளக்கிவிட்டால், கீழ் நிலையிலுள்ள மன்றுகள் அதனைப் பின்பற்றுதல் வேண்டும் என்பது அம்முறையின் உயிர்நாடி. எனவே சட்டப் புத்தகத்தில் ஒரு வரியாக நிற்கும் விதி, தீர்ப்புகளில் பல கிளைகளாகப் படர்ந்து வளர்கின்றது. அத்தீர்ப்புகளை அறியாதவர் சட்டத்தின் பாதியை அறியாதவரே ஆவர்.

ஆனால் அவற்றை அறிவது நெடுங்காலம் எளிதாக இருக்கவில்லை. கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாகப் பணியாற்றியவர். 1834ஆம் ஆண்டில் இலங்கை வர்த்தமானி என்னும் இடவிளக்க நூலையும், 1859ஆம் ஆண்டில் தமிழ்ப் புலவர் வரலாறு கூறும் ‘தமிழ் புளூராக்’ நூலையும் ஆங்கிலத்தில் எழுதியவர் அவர். அத்தகைய கல்விமான் நீதியாசனத்தில் அமர்ந்திருந்த காலத்திலும் இலங்கைத் தீர்ப்புகளின் அச்சுத் தொகுப்புகள் மிகச் சிலவே இருந்தன. தலைமை நீதியரசராக இருந்த சேர் சார்ள்ஸ் மார்ஷலின் தொகுப்பு 1839ஆம் ஆண்டில் வெளிவந்தது. தேசவழமை பற்றிய தீர்ப்புகளை முத்துக்கிருஷ்ணா 1862ஆம் ஆண்டில் பதிப்பித்தார். லோறன்ஸ், இராமநாதன் முதலியோர் பெயரால் வேறு தொகுப்புகளும் எழுந்தன. 1890களில் தொடங்கிய ‘புதிய சட்ட அறிக்கைகள்’ என்னும் வரிசை 1970கள் வரை வெளிவந்தது. அதன்பின் ‘இலங்கைச் சட்ட அறிக்கைகள்’ அவ்விடத்தைப் பெற்றன.

இத்தொகுதிகள் அப்புக்காத்துகளின் கண்ணாடி அலுமாரிகளிலும் நீதிமன்ற நூலகங்களிலும் தோற்கட்டுடன் அடுக்கப்பட்டிருந்தன. சிலாபத்திலோ புத்தளத்திலோ வழக்காடும் ஒரு குடியானவர் அவற்றைக் கண்ணால் காண்பதே அரிது. தம் ஊர்க் காணியைப் பற்றிய தீர்ப்பு இலண்டனில் எழுதப்பட்டு, கொழும்பில் அச்சாகி, பிரக்கிராசியின் அலுமாரியில் உறங்கியது. அதன் பொருளை அவர் பிரக்கிராசியின் வாய்வழியாகவே கேட்டறிய வேண்டியிருந்தது.

இந்நிலையை மாற்றியது கணினி. 1992ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் சட்டத்தகவலை எல்லோருக்கும் இலவசமாக வழங்கும் நிலையம் ஒன்று தோன்றியது. 1995ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் இரு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ‘ஒஸ்ட்லீ’ என்பதனை நிறுவின. பிரித்தானியாவுக்கு ‘பெய்லீ’ என்னும் தரவுத்தளம் எழுந்தது. கோமறைக் கழகத்தின் பழைய தீர்ப்புகளும் அதிற் கிடைக்கின்றன. பொதுநலவாய நாடுகளின் சட்டங்களையும் தீர்ப்புகளையும் திரட்டும் ‘கொமன்லீ’ தரவுத்தளத்தில் இலங்கைக்கும் இடமுண்டு. இந்தியாவில் 2008ஆம் ஆண்டு தொடங்கிய ‘இந்தியன் கானூன்’ பெரும்புகழ் பெற்றது. இலங்கை நீதி அமைச்சின் ‘லோநெட்’ தளமும், உயர் நீதிமன்றம், மேன்முறையீட்டு நீதிமன்றம் ஆகியவற்றின் இணையத்தளங்களும் உள்ளன. முன்பு அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தவை இன்று கற்பிட்டியிலுள்ள ஒரு கைப்பேசியிலும் திறக்கின்றன.

ஆயினும் கதவு திறந்திருப்பது வேறு. உள்ளே சென்று வேண்டியதை எடுப்பது வேறு. தீர்ப்பைத் தேடுவோர் முதலில் அறிய வேண்டியது அதன் முகவரி. சிலாபத்து வழக்கின் முகவரி 1911, 15 என்.எல்.ஆர். 65 என்பதாகும். 1911 என்பது ஆண்டு; 15 என்பது தொகுதி; என்.எல்.ஆர். என்பது புதிய சட்ட அறிக்கைகளின் ஆங்கில முதலெழுத்துகள். 65 என்பது பக்கம். தபாற்காரருக்கு வீட்டிலக்கமும் தெருப்பெயரும் எப்படியோ, வழக்கைத் தேடுவோருக்கு இவ்விலக்கங்களும் அப்படியே. இம்முகவரி கையில் இருந்தால் பெயர் தெரியாவிட்டாலும் வழக்கை அடைந்துவிடலாம்.

முகவரி இல்லாதபோது பெயராலும் சொல்லாலும் தேட வேண்டியிருக்கும். இங்கே இரு இடர்கள் உள. இலங்கையரின் பெயர்கள் ஆங்கில எழுத்தில் ஒரே வகையாக எழுதப்பட்டவை அல்ல. திலகரத்ன என்னும் பெயரை ஒரு தொகுதி ஒருவிதமாகவும் மற்றொரு தொகுதி வேறுவிதமாகவும் அச்சிடும். ஓரெழுத்து மாறினாலும் கணினி இல்லை என்று கையை விரித்துவிடும். ஆதலால் பல எழுத்துக்கூட்டல்களையும் முயன்று பார்த்தல் வேண்டும். இரண்டாவது இடர் மொழி. மேல் மன்றுகளின் தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. ‘ஆட்சியுறுதி’ என்றோ ‘பங்காளர்’ என்றோ தமிழிலே தேடினால் அவை அகப்படமாட்டா. அவற்றுக்குரிய ஆங்கிலச் சட்டச் சொற்களை ஒருவர் அறிந்திருக்க வேண்டும். ஆங்கிலம் அறிந்த ஆசிரியரோ, பல்கலைக்கழகத்திற் பயிலும் பேரப்பிள்ளையோ இங்கே குடும்பத்துக்குக் கைகொடுக்கலாம்.

வழக்கு அகப்பட்டபின் அதனைப் படிக்கவும் ஒரு நெறி உண்டு. அறிக்கையின் தலைப்பில் காணப்படும் சுருக்கம் நீதியரசர் எழுதியதன்று, தொகுப்பாசிரியர் எழுதியது. அது வழிகாட்டியே அன்றித் தீர்ப்பன்று. பின்னர் வருவன வழக்கின் நிகழ்ச்சிகள். அவற்றைத் தாண்டிச் செல்லும் அவசரம் கூடாது. தீர்ப்பின் விதி அந்நிகழ்ச்சிகளிலிருந்தே பிறக்கின்றது. அடுத்து, மன்று முடிவு செய்த கேள்வி எது, முடிவுக்கு அவசியமான காரணம் எது, போகிற போக்கிற் சொல்லப்பட்ட கருத்து எது என்று பிரித்தறிதல் வேண்டும். முடிவுக்கு அவசியமான காரணமே பிற மன்றுகளைக் கட்டுப்படுத்தும். நீதியரசர் பலர் அமர்ந்த வழக்கில், ஒருவர் மாறுபட்டு எழுதியிருக்கவுங்கூடும். அம்மாறுபட்ட உரையைத் தீர்ப்பென்று எண்ணி மகிழ்ந்து ஏமாறுவதும் உண்டு.

இவையனைத்திலும் பெரியது ஒன்றுண்டு. ஒரு தீர்ப்பு தனியே நிற்பதன்று. அதற்குப் பின் வந்தவை அதனை என்ன செய்தன என்று பாராமல் அதனை நம்புதல் ஆகாது. சிலாபத்து வழக்கே இதற்குச் சான்று. 1918ஆம் ஆண்டில் ‘திலகரத்ன எதிர் பஸ்தியன்’ என்னும் வழக்கைத் தலைமை நீதியரசர் சேர் அன்ரன் பேட்ரம் உள்ளிட்ட முழு ஆயம் விசாரித்தது. ஒரு பங்காளர் மிக நீண்ட காலம் தனியே ஆண்டிருந்து, மற்றச் சூழ்நிலைகளும் அதற்கு இயைந்திருந்தால், பண்டொரு நாளில் அந்த ஆட்சி எதிரான ஆட்சியாக மாறிவிட்டது என்று மன்று ஊகித்துக்கொள்ளலாம் என அது கூறிற்று. வெளியேற்றிய நாளையும் செயலையும் நேரடியாகக் காட்ட எவரும் உயிரோடு இல்லாத நிலையில் இவ்வூகம் பயன்படும்.

இத்தீர்ப்பை மட்டும் கண்டெடுத்த மாமன், “என் முப்பது ஆண்டு வென்றுவிட்டது” என்று துள்ளிக் குதிப்பான். ஆனால் 1959ஆம் ஆண்டில் ‘அப்துல் மஜீத் எதிர் உம்மு சனீரா’ என்னும் வழக்கில் உயர் நீதிமன்றம் இந்த ஊகத்துக்கு எல்லை வகுத்தது. காலம் கழிந்தது என்பது மட்டும் போதாது. அக்காலத்தோடு சேர்ந்து எதிரான ஆட்சியைச் சுட்டும் வேறு சூழ்நிலைகளும் இருத்தல் வேண்டும் என்று அது தெளிவாக்கியது. 1911இன் தீர்ப்பை மட்டும் படித்த மருமக்கள் வெற்றி உறுதி என்பர். 1918இன் தீர்ப்பை மட்டும் படித்த மாமன் வெற்றி தனக்கே என்பான். மூன்றையும் வரிசையாகப் படித்தவரோ, “இந்தக் காணியில் நடந்தவை என்ன? பங்கு கேட்டபோது எப்போதாவது முகத்துக்கு நேரே மறுக்கப்பட்டதா? தேங்காய்ப் பணத்தில் ஏதும் தங்கைக்கு அனுப்பப்பட்டதா?” என்று கேட்கத் தொடங்குவர். சரியான கேள்வியைக் கேட்க வைப்பதே தீர்ப்பைப் படிப்பதன் பயன்.

தீர்ப்புகளுக்கு அப்பால், பாராளுமன்றம் இயற்றும் புதிய சட்டமும் நிலைமையை மாற்றக்கூடும். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட ஏறக்குறைய 75,000 முஸ்லிம்களுள் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்தவர்கள் இக்கரையோரத்து ஓலைக் குடிசைகளில் வாழ்ந்த காலத்தில், வடக்கே அவர்கள் விட்டுவந்த காணிகளிற் பத்தாண்டுக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. சென்று பார்க்கவோ வழக்குத் தொடுக்கவோ இயலாதவர்களின் மௌனத்தையும் சட்டம் உரிமை இழப்பாகக் கொள்ளலாமா என்ற கேள்வி எழுந்தது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் காலவிதிப்பு விசேட ஏற்பாடுகள் சட்டம் இதற்காகவே இயற்றப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில், ஆயுதக் குழுவின் நடவடிக்கைகளால் நீதிமன்றம் நாட இயலாதிருந்தோருக்கு அது நிவாரணம் வகுத்தது. அந்த நிவாரணமும் காலவரையறைக்கு உட்பட்டதே. இச்சட்டத்தை அறியாமல் பழைய தீர்ப்புகளை மட்டும் கணினியிற் புரட்டியவர் தமக்குரிய வாயிலைக் காணாமலே திரும்பியிருப்பர்.

இக்காலத்தில் மற்றுமொரு புதிய ஆபத்தும் தோன்றியுள்ளது. கேட்ட மாத்திரத்தில் விடை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துள்ளன. 2023ஆம் ஆண்டில் நியூயோர்க் நகர நீதிமன்றம் ஒன்றில் நடைபெற்ற ‘மாட்டா எதிர் அவியங்கா’ வழக்கில், அத்தகைய கருவி கற்பித்துக் கொடுத்த தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் உண்மையென நம்பி மன்றிற் சமர்ப்பித்தனர். அத்தீர்ப்புகள் எந்தத் தொகுதியிலும் இல்லை. நீதிபதி அவர்களுக்கு 5,000 டொலர் தண்டம் விதித்தார். முகவரியைக் கொண்டு மூலத் தொகுதியையோ நம்பத்தக்க தரவுத்தளத்தையோ திறந்து, தீர்ப்பைத் தம் கண்ணாற் கண்டிருந்தால் இந்த இழிவு நேர்ந்திராது. கற்ற வழக்கறிஞருக்கே இது நேருமாயின், ஒரே காணியை நம்பி வாழும் குடும்பம் எத்துணை விழிப்பாயிருத்தல் வேண்டும்!

தரவுத்தளத்தைப் படித்தவர் அதனால் வழக்கறிஞர் ஆகிவிடுவதில்லை. வழக்காட வேண்டிய வேளையில் சட்டத்தரணியின் துணை வேண்டியதே. ஆயினும் தம் வழக்கின் பொருளை அறிந்து அவர் முன் அமர்பவருக்கும், ஒன்றும் அறியாமல் கைகட்டி நிற்பவருக்கும் வேறுபாடு பெரிது. அதனினும் பெரிய பயன் ஒன்றுண்டு. தங்கையின் மௌனம் அவளுடைய பங்கை அழித்துவிடாது என்பதை அண்ணன் முன்னரே அறிந்தால், அவன் பத்தாண்டுக் கணக்கை எண்ணிக்கொண்டிரான். மௌனத்துக்கும் எல்லை உண்டு என்பதைத் தங்கை அறிந்தால், அவளும் காலத்தைப் போக்கிக்கொண்டிராள். இருவரும் நொத்தாரிசு முன் அமர்ந்து பங்கீட்டு உறுதியில் கையொப்பமிட்டுவிட்டால், அந்தக் காணி நீதிமன்றத்தின் படியேற வேண்டியதில்லை. கொரெயாவும் இசேரிஸ் அப்புஹாமியும் இலண்டன் வரை சென்று பெற்ற அறிவு, இக்கரையோரத்து வீடுகளுக்கு அந்த வகையிலேனும் பயன்படுதல் வேண்டும்.